ஆராதனைக் குழுவுக்கு ஆள் சேர்ப்பது எப்படி? களியக்காவிளைப் பக்கத்து அனுபவம்

மூன்று ஞாயிறு தொடர்ந்து அறிவிப்பு வாசித்தோம். "ஆராதனைக் குழுவில் சேர விருப்பமுள்ளவர்கள் ஆராதனை முடிந்ததும் செயலரைச் சந்திக்கவும்." மூன்று வாரத்துக்கும் சேர்த்து வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி செயலரின் மகள். இன்னொருவர், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற டிசம்பர் கீத பவனிக்குப் பெயர் எழுதுகிறார்கள் என்று நினைத்து வந்தவர்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி, சுமார் 140 பேர் வந்து போகிற கிறிஸ்தவ சபை எங்களுடையது. அதில் பாதிப் பேர் துக்க வீட்டில் உட்கார்ந்தால் புத்தகம் இல்லாமலே விடிய விடியப் பாடுவார்கள். ஆனாலும் ஞாயிறு காலையில் மைக் முன்னால் நிற்க ஆள் இல்லை என்று நானும் ரொம்ப நாள் புலம்பிக்கொண்டு திரிந்தேன். ஆள் இருந்தது. நாங்கள் கேட்ட விதம் சரியில்லை. எல்லாரையும் பார்த்து ஒரே நேரத்தில் கேட்டால், "வேற யாராவது போவாங்க" என்றுதான் ஒவ்வொருவரும் நினைப்பார்கள். இப்போது எங்களிடம் 13 பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர்கூட அறிவிப்பைக் கேட்டு வந்தவர் இல்லை.

புதிதாகப் பொறுப்பு ஏற்றிருக்கிறவர்களுக்காக, நாங்கள் செய்ததையும் சொதப்பியதையும் வரிசையாக எழுதுகிறேன்.

ஆயரிடமும் கமிட்டியிடமும் முதலில் பேசுங்கள்

சேகர ஆயரிடம் (போதகரிடம்) ஒரு வார்த்தை, சபைக் கமிட்டியில் ஒரு தீர்மானம். இது இல்லாமல் யாரையும் கூப்பிடாதீர்கள். என்ன கேட்கிறீர்கள் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்: எத்தனை பாட்டு, ஆராதனை முறைமையில் எந்தெந்த இடத்தில், பாட்டைத் தேர்ந்தெடுப்பது யார், மைக் ரிப்பேர் செலவு எந்தக் கணக்கில். பாட்டுத் தேர்வில் ஆயரின் சொல்தான் கடைசி என்று முதலிலேயே ஒத்துக்கொண்டால் பிறகு வரும் சண்டை பாதியாகக் குறையும்.

இன்னொன்று. சபைத் தேர்தல் வருகிற வருடத்தில், தேர்தலுக்கு முந்திய மூன்று மாதம் ஆள் சேர்க்கவே வேண்டாம். வீடு வீடாகப் போனால் ஓட்டுக் கேட்க வந்ததாகத்தான் நினைப்பார்கள். நான் போன ஒரு வீட்டில், சாயா கொடுத்து, "எந்த அணி?" என்று கேட்டார்கள். பாடகர் அணி என்றேன். நம்பவில்லை.

வேலையை எண்ணுங்கள், பிறகு ஆளை

ஆராதனைக் குழு என்றால் பாடகர்கள் என்று நினைப்பதுதான் முதல் தப்பு. ஒரு ஞாயிறு நல்லபடியாக நடக்க எங்களுக்குத் தேவைப்படுவது: முன்னின்று பாட ஒருவர், கூடப் பாட இரண்டு மூன்று பேர், கீபோர்டு, தபேலா அல்லது ரிதம் பேட், மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரில் ஒருவர், திரையில் பாட்டு வரிகளை மாற்ற ஒருவர். ஏழெட்டுப் பேர். இதில் பாதி வேலைக்குக் குரலே தேவையில்லை.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மாற்றாள் வேண்டும். அப்போதுதான் ஒருவருக்கு மாதம் இரண்டு ஞாயிறு மட்டும் வரும். எல்லா ஞாயிறும் ஒரே ஆள் என்றால் ஈஸ்டர் வரைக்கும் ஓடுவார், அதற்குப் பிறகு அவர் வீட்டிலிருந்து புகார் வரும். தொடக்கத்திலேயே 14 பேரைத் தேடி மலைக்க வேண்டாம். ஐந்து பேரோடு தொடங்குங்கள். கீபோர்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு தபேலாவும் நாலு குரலும் போதும்.

சம்பளத்துக்குக் கீபோர்டு வாசிக்க ஆள் வைக்கிற சபைகள் நம் பக்கம் நிறைய உண்டு. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவருக்குக் காசு, மற்றவர்களுக்கு இல்லை என்பது குழுவில் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பாதி வழியில் தெரியவந்தால் கசந்துவிடும்.

எங்கே தேடுவது

துக்க வீட்டில். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கு, சடலம் வைத்திருக்கிற முற்றத்தில், யார் பாட்டைத் தொடங்குகிறார்கள், மூன்றாவது சரணம் மறந்துபோனால் யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், அழுகைக்கு நடுவிலும் சுருதி விலகாமல் யார் பாடுகிறார்கள் என்று கவனித்தால் போதும். அங்கே பாடுகிறவர்கள் யாரையும் கவர்வதற்குப் பாடுவதில்லை. சபை கூடவே பாடும்படி பாடுவார்கள். ஆராதனைக்கு வேண்டிய குரல் அதுதான்.

அடுத்தது பெண்கள் ஐக்கியக் கூட்டம், வீட்டு ஜெபக்கூட்டம், ஓய்வுநாள் பாடசாலை ஆண்டு விழா. மிக்ஸருக்கும் திரைக்கும் ஆள் வேண்டுமென்றால் கடைசி வரிசையைப் பாருங்கள். பிரசங்க நேரத்தில் போனை நோண்டுகிற பையன்களில் ஒருவன் நிச்சயம் கிடைப்பான். எங்கள் மிக்ஸர் பையன் அப்படித்தான் வந்தான். கையில் வேலை கொடுத்த பிறகு அவன் பிரசங்கத்தையும் கேட்கிறான். மைக் கூவினால் தன் தலையில் விழும் என்ற பயம்.

கேட்கிற விதம்

வீட்டுக்குப் போங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் "பாக்கலாம் அண்ணா" என்று வரும். அதற்கு "வரமாட்டேன்" என்று அர்த்தம். நேரில் போனாலும் "குழுவுல சேருங்க" என்று மொட்டையாகக் கேட்கக்கூடாது. என்ன வேலை, எத்தனை ஞாயிறு, எதுவரை என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.

ரப்பர் வெட்டுக்குப் போகிற ஒரு அக்காவை நான் கேட்டது இப்படி. தேதி வரைக்கும் முதலிலேயே குறித்துக்கொண்டு போயிருந்தேன். "அக்கா, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மாசம் ரெண்டு ஞாயிறு. மொத்தம் ஆறு ஞாயிறு. நீங்க தனியா பாட வேண்டாம், கூடப் பாடினா போதும். ஆகஸ்ட் கடைசில நானே வந்து, போதுமா தொடரணுமான்னு கேட்பேன்." அவர் கை கழுவிக்கொண்டே, "ஆறுதானே?" என்று கேட்டார். ஆறுதான் என்றேன். மாமியாரைப் பார்த்தார். மாமியார், "ஆறு ஞாயிறு நான் பிள்ளைகளைப் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்த அக்கா வந்து இப்போது நான்கு வருடம் ஆகிறது. ஆனால் முதலில் "நிரந்தரமாக" என்று கேட்டிருந்தால் கதவோடு முடிந்திருக்கும்.

ஆகஸ்ட் கடைசியில் சொன்னபடி போய்க் கேட்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். கேட்காமல் விட்டால் அடுத்த ஆளிடம் நீங்கள் சொல்கிற "மூன்று மாதம்" எடுபடாது.

மாட்டேன் என்று சொன்னால் காரணம் கேட்டு நெருக்கவும் வேண்டாம். சில வீடுகளில் முன்பு நடந்த ஏதாவது மனத்தாங்கல் இருக்கும். நல்லது என்று எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த வருடம் பாதை திறந்தே இருக்கும்.

குரல் பார்ப்பது

யாரையும் சபை முன்னால் பாடவைத்துப் பார்க்காதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் கோயில் காலியாக இருக்கும்போது பத்து நிமிடம் போதும். தெரிந்த ஒரு கீர்த்தனையின் பல்லவியைப் பாடச் சொல்லுங்கள். அதையே சுருதி ஒன்றரைக் கட்டை ஏற்றிப் பாடச் சொல்லுங்கள் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்கிற எண்; 1 கட்டை என்றால் கீபோர்டின் C). நீங்கள் கைதட்டுகிற தாளத்தைத் திருப்பித் தட்டச் சொல்லுங்கள். கடைசியில் இன்னொருவரோடு சேர்ந்து பாட வைத்து, அடுத்தவர் குரலைக் காது கொடுத்துக் கேட்கிறாரா என்று பாருங்கள். இந்தக் கடைசிதான் முக்கியம். அருமையான குரலோடு யாரையும் கேட்காமல் பாடுகிறவர், சுமாரான குரலோடு கூட்டோடு போகிறவரைவிடக் கஷ்டம்.

சுருதி சேரவில்லை என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். "யோசிச்சுச் சொல்றோம்" என்று இழுத்தால் அவர் மனைவிக்குப் புதுப் புடவை எடுத்து வைத்திருப்பார். சொல்லும்போது வேறு வேலையும் கையில் இருக்க வேண்டும். அப்படிச் சொன்ன ஒருவர்தான் இன்று எங்கள் பாட்டு வரிசையை எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிறார். அவர் இல்லாமல் எங்களுக்கு ஞாயிறு விடியாது.

தமிழ் பேசும், தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள்

இது எல்லைப்பக்கத்துக்கே உரிய சங்கதி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது, பக்கத்து நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. சொந்தபந்தம் அப்படிப் பிரியவில்லை. பாறசாலைப் பக்கத்திலிருந்து எங்கள் கோயிலுக்கு வருகிற குடும்பங்களில் பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ், பாட்டு தமிழ், ஆனால் எழுத்து தெரியாது. திரையில் வரி ஓடும்போது வாய் மூடி நிற்பார்கள். பாடத் தெரியாது என்று நாங்களும் நினைத்திருந்தோம்.

பாட்டை மலையாள எழுத்தில் கொடுத்துப் பார்த்தோம். போனில் ஒரு செயலி எழுத்துக்கு எழுத்து மாற்றிக் கொடுத்தது. பயிற்சியில் ஒரு பெண்பிள்ளை வாசித்தபோதுதான் கோளாறு தெரிந்தது. தமிழில் ககரம் ஒன்றுதான்; இடத்தைப் பொறுத்து வாய் அதை மாற்றிக்கொள்ளும். "தகப்பன்" என்பதில் வருகிற ககரத்தை நாம் மெல்லச் சொல்வோம். மலையாளத்தில் அதற்குத் தனி எழுத்து இருக்கிறது. செயலிக்கு அது தெரியாது, "பக்கம்" என்பதில் வருகிற அழுத்தமான ககரத்தையே போட்டுவிட்டது. பாட்டு முழுக்கப் பல்லைக் கடித்துப் பாடியதுபோல வந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் அச்செடுத்துக் கொடுப்பதை விட்டுவிட்டோம். ஒருவர் மெதுவாகப் பாடுவார், பிள்ளைகள் காதால் கேட்டு அவரவர் நோட்டில் மலையாளத்தில் எழுதிக்கொள்வார்கள். ஒரு பாட்டுக்கு இருபது நிமிடம் ஆகும். ஆனால் எழுதி முடிக்கும்போது பாதி மனப்பாடம் ஆகிவிடும். இப்போது மூன்று பிள்ளைகள் அப்படிப் பாடுகிறார்கள். ஒருத்தி இரண்டு வருடத்தில் திரையைப் பார்த்துத் தமிழ் எழுத்தையும் படித்துக்கொண்டாள்.

திரை என்றதும் ஞாபகம் வருகிறது: பாட்டு வரிகளை யூனிகோடிலேயே அடித்து வையுங்கள். பழைய எழுத்துருவில் அடித்ததை வேறு லேப்டாப்பில் திறந்தால் என்னென்னவோ எழுத்தாகக் கொட்டும். எங்களுக்கு அது ஒரு பெரிய வெள்ளி அன்று, மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காவதற்கு நடுவில் நடந்தது.

முறைவரிசை

மூன்று மாதத்துக்கு ஒரே தாளில் போடுங்கள். போடுவதற்கு முன் எல்லாரிடமும் "எந்த ஞாயிறு வர முடியாது" என்று கேட்டு வாங்குங்கள். கல்யாண முகூர்த்தம், பரீட்சை, நர்ஸ் வேலையில் இருப்பவர்களின் நைட் ஷிப்ட் எல்லாம் அதில் வந்துவிடும்.

பயிற்சி நேரம் வைப்பதற்கு முன் ஊர் எப்போது தூங்குகிறது என்று பாருங்கள். ரப்பர் வெட்டுகிறவர்கள் விடியும் முன் எழுந்து போகிறவர்கள். இரவு எட்டு மணிக்குப் பயிற்சி என்றால் அவர்கள் வரமாட்டார்கள், வந்தாலும் கொட்டாவிதான். நாங்கள் சனிக்கிழமை 5.30-லிருந்து 6.45 வரை வைக்கிறோம். முடிகிற நேரத்தைக் கண்டிப்பாகக் காப்பாற்றுகிறோம். அம்மாக்கள் பிள்ளைகளை நம்பி அனுப்புவது அந்த 6.45-ஐ நம்பித்தான்.

பாட்டுப் பட்டியல் புதன் இரவுக்குள் வாட்ஸ்அப் குழுவில் போய்விட வேண்டும், பாட்டின் சுருதியோடு. வர முடியாதவர் வியாழனுக்குள் தானே ஒரு மாற்றாளைப் பேசி வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் "காலை வணக்கம்" படம் போடக்கூடாது என்று ஒரு விதி வைத்தோம். அதை மீறுகிறவர் சனிக்கிழமை பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) வாங்கி வர வேண்டும். விதி நன்றாக வேலை செய்கிறது. வாராவாரம் பழம்பொரி கிடைக்கிறது.

பயிற்சியில்

நாலு பாட்டு போதும். எங்கள் சபையில் இரண்டு கீர்த்தனை அல்லது பாமாலை (மேல்நாட்டு மெட்டுப் பாட்டு), இரண்டு புதிய துதிப்பாடல் என்று பிரித்திருக்கிறோம். மாதம் ஒரு புதுப்பாட்டு மட்டும். அதையும் மூன்று ஞாயிறு விடாமல் பாடுகிறோம். ஒரு தடவை பாடி விட்டுவிட்டால் சபைக்கு அது குழுவின் கச்சேரி.

சுருதிதான் பெரும்பாலும் தவறுகிற இடம். யூடியூபில் கேட்ட கட்டையிலேயே பாட நினைப்பார்கள். பயிற்சி பெற்ற பெண் குரல் 5, 6 கட்டையில் ஏறி இறங்கும். பெஞ்சில் இருக்கிற ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒத்து வராது. பாட்டின் உச்சஸ்தாயியை முதலில் கண்டுபிடித்து, அந்த இடம் மேல் ஸ்தாயி ரிஷபத்தைத் தாண்டாதபடி, அதாவது 1 கட்டையை ஷட்ஜமாக வைத்தால் அதற்கு மேலே வருகிற 2 கட்டைக்குள் நிற்கும்படி, கீபோர்டில் இறக்கிக்கொள்ளுங்கள். சபை பாடுகிறதா என்று தெரிய வேண்டுமானால் கடைசிச் சரணத்தில் மைக்கை விட்டு விலகிக் கேட்டுப் பாருங்கள்.

மூத்தவர் ஒருவர் இருப்பார்

எல்லாச் சபையிலும் இருப்பார். எங்கள் சபையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், முப்பது வருடத்துக்கும் மேலாக ஆர்மோனியம் வாசித்தவர். கீபோர்டு வந்ததும் அவர் பேசாமல் நாலாவது பெஞ்சுக்குப் போய்விட்டார். அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டார் சொன்னார்கள். அந்த வருடம் நாங்கள் கேட்ட நான்கு வீடுகள் மாட்டேன் என்றன, நான்கும் அவரிடம் படித்தவர்களின் வீடுகள்.

போய் மன்னிப்புக் கேட்டேன். "சார், கீர்த்தனை வர்ற நேரம் நீங்கதான் வாசிக்கணும். ராகம் பெயர் புத்தகத்துல போட்டிருக்கு, எங்களுக்கு அது பெயர் மட்டும்தான்" என்றேன். அது உண்மையும்கூட. கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துப் பாடத் தெரிந்தவர் சபையில் அவர் ஒருவர்தான். வந்தார். வந்த அன்று ஆர்மோனியமும் கீபோர்டும் சேரவில்லை. பழைய ஆர்மோனியம் கொஞ்சம் ஏறி நின்றது, அரைக் கட்டைகூட வராத ஏற்றம். பையன்கள் அதை ஓரங்கட்டப் பார்த்தார்கள். கீபோர்டின் அமைப்பில் 440 ஹெர்ட்ஸ் என்று இருந்த ட்யூனிங்கை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனோம். சார் கண்ணை மூடி ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார். 445-ல் கையைத் தூக்கினார். அந்த எண் இப்போது மிக்ஸரில் ஒட்டியிருக்கிறது.

அடுத்த மாதம் அந்த நான்கு வீட்டில் இரண்டு வீட்டிலிருந்து ஆள் வந்தது.

மிக்ஸர், மழை, சட்டம்

பாட்டு முடிந்ததும் மைக்கை அணைக்கிற பழக்கம், ஒயரைச் சுற்றி வைக்கிற விதம், ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோகாமல் இருப்பது: இவற்றை ஒரு சனிக்கிழமையில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள், பாடகர்களுக்கும் சேர்த்து. துலா மாத மழையில், அக்டோபர், நவம்பரில், சாயங்காலம் இடி இறங்குகிற ஊர் இது. ஆராதனை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி வைப்பது யார் வேலை என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ஈஸ்டர் விடியற்கால ஆராதனைக்கு வெளி ஹாரன் வேண்டாம். 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. உள்ளே பெட்டி ஸ்பீக்கர் போதும். பாட்டு உரிமை பற்றியும் கேட்பார்கள். ஆராதனையின் பகுதியாகக் கோயிலில் பாடுவதை 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மீறலாகக் கொள்வதில்லை. யூடியூபில் ஏற்றுவது வேறு கதை, அதற்கு இந்த விலக்கை நம்ப வேண்டாம்.

பதினெட்டு வயதுக்குக் கீழே

பிள்ளைகள் இருக்கிற பயிற்சியில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்புவது கிடையாது. பெற்றோர் இருக்கிற குழுவில் மட்டும். பைக்கில் கொண்டுபோய் விடுவது பெற்றோர் சொன்னால் மட்டும். இதை எழுதிக் கமிட்டியில் வைத்தபோது, "நம்ம கோயிலில் எதுக்கு இது?" என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012-ஆம் வருடத்துப் போக்சோ சட்டத்தில், நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்று ஆயர் பதில் சொன்னார். அதோடு தீர்மானம் நிறைவேறியது.

போகிறவர்களை அனுப்புவது

நம் பக்கத்தில் குழு நிலைக்காது. நர்ஸிங் முடித்தவள் விசா வந்ததும் கல்ஃபுக்குப் போவாள், பையன் சென்னைக்குப் போவான், கல்யாணமாகிப் போகிறவள் வேறு சபையில் பாடுவாள். அதனால் ஒவ்வொருவரும் போவதற்கு மூன்று மாதம் முன்பே இன்னொருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வது எங்கள் வழக்கம். கடைசி ஞாயிறு ஆயர் பெயர் சொல்லி ஜெபிப்பார். அவர்கள் கையிலிருந்த நோட்டு அடுத்தவர் கைக்குப் போகும்.

போன வருடம் எங்கள் முன்னணிப் பாடகி வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டபோது தந்த நோட்டு இப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டை, எந்தச் சரணத்தை விட வேண்டும், எங்கே சபை இழுக்கும் என்று அந்தப் பாடகி பென்சிலில் குறித்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: "மூணாவது மைக் ஒயர் லூஸ். கையில எடுத்தா ஆட்டாதே. சார் பக்கத்துல நில்லு, பாட்டு மறந்தா அவர் முணுமுணுப்பார்."